எல்லாரும் என்றால் யார்?

இசக்கியம்மாளை மாலை கட்ட வரவேண்டாம் என்று தடுத்தவள் நான். "எல்லாரும் சொல்லுதாக" என்று சொல்லித் தடுத்தேன். ஒருவர்கூட அப்படிச் சொல்லியிருக்கவில்லை!

நீங்கள் என்னை ஏசலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு ஏசுங்கள்.

இராஜபாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் புரட்டாசி வெள்ளிதோறும் துளசிமாலை கட்டுவோம். மறுநாள் வேன் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய், மலைமேல் இருக்கும் பெருமாளுக்குச் சாத்தக் கொடுப்போம். இசக்கி கட்டும் மாலை நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். அவளும் நானும் ஒரே கூடைக்கு இருபக்கமும் உட்கார்ந்து, அதிலிருந்தே துளசி எடுத்துக் கட்டுகிறவர்கள்.

ஓர் ஆடியில் அவள் கணவர் தவறிப்போனார். புரட்டாசி பிறந்தது. என் வீட்டில் துளசி பிரித்துக்கொண்டிருந்தபோது, எங்களில் மூத்தவளான பாக்கியத்தக்கா கேட்டாள்: "இசக்கி வருவாளா?"

யாரும் வாய் திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் நார் கிழித்தார்கள்.

தாலி இழந்தவள் கை பட்ட மாலை ஆகாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள்... அந்த மௌனத்துக்கு அதுதான் பொருள் என்று நானே முடிவுகட்டினேன். எனக்கு அந்த நினைப்பு உண்டா? பெருமாள் சத்தியமாக இல்லை! பிறகு ஏன் போய்ச் சொன்னேன்? அவளுக்காகப் பேசினால் என்னையும் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்... வேறென்ன!

நான் போனபோது அவள் வாழைநாரை நனைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "சரி மதினி" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு புரட்டாசி அவள் இல்லாமல் போனது.

இந்த வருடம், இசக்கி ஏன் வருவதில்லை என்று கேட்ட மகளிடமும், எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள் என்றேன். கல்லூரியில் படிக்கிறவள், விடாமல் கேட்டாள்: "எல்லாரும்னா யாரு யாரும்மா? பேரைச் சொல்லு பாப்போம்."

விரல் மடக்கப் போனேன். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"ஒவ்வொருத்தருக்கும் மனசுக்குள்ள இந்த ஒதுக்கிவைக்கிற வழக்கம் வேண்டாம்னுதான் இருக்கும். மத்தவங்களுக்கு வேணும் போலன்னு நெனச்சு வாய மூடிக்கிடுவாங்களாம். எங்க சமூக உளவியல் பாடத்துல இருக்கும்மா."

எட்டாவதோடு நின்றவள் நான். பாடத்தின் பேர் வாயில் நுழையவில்லை. பொருள் நெஞ்சில் தைத்துவிட்டது.

நேரே பாக்கியத்தக்காவிடம் போனேன். அவள் எரிந்து விழுந்தாள்.

"ஏட்டி, ஆகாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? அவ வரணும்னுதானே கேட்டேன்! நீ விரதம், பூசைன்னு இருக்கவ. நீயே போய்ச் சொல்லிட்டு வந்த பொறவு நாங்க என்னத்தப் பேச?"

அடுத்த வீட்டு வேலம்மாவும் அதையேதான் சொன்னாள். என் பக்திக்கு அவர்கள் பயந்தார்கள். அவர்கள் மௌனத்துக்கு நான் பயந்தேன். பெருமாளை யாருமே கேட்கவில்லை!

இசக்கியிடம் போனேன். "யாரும் சொல்லலட்டி... நானாத்தான் சொன்னேன்."

அவள் சொன்னாள்: "ரெண்டு வருசமா தெருவுல எதுக்க யாரு வந்தாலும், இவளும் சொல்லியிருப்பாளோன்னு தலையக் குனிஞ்சிட்டே போனேன் மதினி."

"வெள்ளிக்கிழமை மாலை கட்ட வாட்டி" என்று மட்டும் சொன்னேன். நீங்களானால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வெள்ளிக்கிழமை அவள் வந்துவிட்டாள்! பாக்கியத்தக்கா என்னைக் காட்டி, "வாட்டி வா, இவ கட்டுத மாலைக்குப் பெருமாளே மலையெறங்கி ஓடிருவாரு!" என்றாள். இசக்கி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று... ஆனால் அவள் உட்கார்ந்தது வேலம்மா பக்கத்தில்.

கிளம்பும்போது கேட்டேன்: "அடுத்த வாரமும் வருவியாட்டி?"

"பெருமாளுக்கு வருவேன்" என்றாள்.

எனக்காக என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கூடைக்கு மறுபக்கம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. வெள்ளிதோறும் அங்கே அவளுக்கென்று ஒரு கட்டு நாரை நனைத்து வைத்துவிட்டுத்தான் என் மாலையைத் தொடங்குகிறேன்...