கண் தேய்ந்த மான்

எங்கள் வீட்டில் ஒரு மான் இருந்தது. சின்னச் சுரைக்காய் போலிருக்கும் ஒரு செம்புக் குப்பியின் வயிற்றில் அது ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு நாய் துரத்தியது. எனக்கு ஒன்பது வயதாகும்வரை நாயால் மானைப் பிடிக்க முடியவில்லை.

அது அம்மாவின் அப்பா வைத்திருந்த வெடிமருந்துக் குப்பி. மரச்சீனிக்கிழங்கு போட்ட விளையைக் காட்டுப்பன்றி கிளறாமலிருக்க, லைசென்ஸ் வாங்கி ஒரு பழைய துப்பாக்கி வைத்திருந்தாராம். குழல் வாயில் மருந்து கொட்டி இடிக்கும் அந்தக் காலத்துத் துப்பாக்கி. குப்பியின் பித்தளைக் கழுத்தில் ஒரு விசை உண்டு. பெருவிரலால் அழுத்தினால் ஒரு வெடிக்கு வேண்டிய மருந்து மட்டும் விழும். அவர் இறந்தபிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். குப்பியை யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி கேரளப் பக்கத்து ஆரியங்கோட்டுக்கு வந்தபோது அம்மா அதைச் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாள்.

மழை பிடித்த மத்தியானங்களில் ரப்பர் தோட்டம் முழுக்க ஒரே இரைச்சலாக இருக்கும். அப்போது பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். உள்ளே ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கும். மான்தான் என்று நம்பினேன். முகர்ந்தால் கந்தக வாடை இலேசாக வரும். மான் ஓடுகிற காட்டின் வாசனை அது என்றும் நினைத்துக்கொண்டேன். மானின் கண் கடுகைவிடச் சிறியது. ஆனாலும் குப்பியை எப்படித் திருப்பினாலும் அது என்னையே பார்க்கும்.

அப்பாவின் காதில் ஊதியது பனச்சமூடு சந்தையில் யாரோ ஒருவர். பழைய துப்பாக்கிச் சாமான்களுக்கு, எண்ணெய்க் குப்பி, தோட்டா வார் என்று எதுவானாலும், அசலாக இருந்தால் அள்ளிக் கொடுக்க ஆளுண்டு என்றிருக்கிறார். அப்பா ஒரு போட்டோ எடுத்து, திருவனந்தபுரத்தில் இவற்றை மதிப்புப் பார்க்கிற ஒருவருக்கு அனுப்பினார். பதில் ஆங்கிலத்தில் வந்தது. அப்பாவுக்குத் தமிழும் மலையாளமும் தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் ஆகாது. காலேஜ் வாசல் மிதித்த அம்மாதான் வாசித்துச் சொன்னாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறாராம், பொருள் அசலாக இருந்தால் நல்ல விலை கிடைக்குமாம். அவ்வளவுதான் சொன்னாள். கடிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்பா அன்றே மனசுக்குள் ஜீப் ஓட்டத் தொடங்கிவிட்டார். செகண்ட் ஹாண்ட் ஜீப், வெள்ளறடைக்கும் பனச்சமூட்டுக்கும் டிரிப் அடிக்கிற ஜீப்.

"முன்கண்ணாடியில என் பிள்ளைக்க பேராக்கும் எழுதுவேன்" என்றார் என்னைப் பார்த்து.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அம்மா மட்டும், அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். பெட்டிக்குள் கிடந்து அது என்ன முட்டையா இடப்போகிறது என்றார் அப்பா. அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று சோறு குழைந்திருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் நிலவிளக்குத் துலக்குவது என் வேலை. கிணற்றுப் பக்கத்துப் புளிஞ்சிமரத்தில் விரல் நீளப் பச்சைக் காய்கள் அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்கும். நாக்கில் வைத்தால் கண்ணைச் சுருக்கும் புளிப்பு. அதைப் பிழிந்து, செங்கல் பொடி தொட்டுத் தேய்த்தால் பித்தளை பொன்னாகும். யாராவது விருந்து வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் விளக்குத்தான் குளிக்கும், அப்புறம்தான் நாங்கள். அந்த வெள்ளிக்கிழமை விளக்குக்குப் பக்கத்தில் அம்மா குப்பியையும் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா தேய் மக்களே. வாற ஆளுக்கு முகம் தெரியணும்."

தேய்த்தேன். என் பெயர் எழுதிய ஜீப்புக்காகத் தேய்த்தேன். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஜீப் ஒரு வளைவு திரும்பியது. கறுத்த தவிட்டு நிறம் கரைந்து ஓட, செம்பு இளஞ்சிவப்பாய் வெளியே வந்தது. அம்மா நடுநடுவே வந்து பார்த்து இன்னும் கொஞ்சம் பொடி தட்டிவிட்டுப் போனாள். கடைசியில் கழுவித் திருப்பிப் பார்த்தால், மானுக்குக் கண்ணைக் காணோம். நாயின் ரோமக் கோடுகளும் போயிருந்தன.

"அம்மா, மானுக்கக் கண்ணு போச்சு."

"போவட்டு" என்றாள் அம்மா. "மினுங்குதுல்லா?"

மறுநாள் நெய்யாற்றின்கரை வழியாக பஸ் மாறி வந்து சேர்ந்தார் மதிப்புப் பார்ப்பவர். ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. வெள்ளைத் துவர்த்துத் துண்டின் மேல் அப்பா வைத்திருந்த குப்பியைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். பளபளப்பில் ஆள் மலைத்துவிட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், கிறுக்குகள்.

உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு பாதிகளைப் பற்றவைத்த ஓரத்தை நகத்தால் தடவினார். விசையை அழுத்தி அது திரும்பி வருவதைக் காதருகே வைத்துக் கேட்டார். திருகாணிகளின் தலையைப் பார்த்தார். கழுத்தடியில் செய்தவர்களின் முத்திரை இருக்குமாம். அங்கே இரண்டு எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் போல மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். இப்போது அச்சில் வார்த்து விற்கும் போலிகளும் இப்படித்தான் பளபளக்கும், அவற்றிலும் கோடுகள் இப்படித்தான் மழுங்கியிருக்கும். பழைய பொருளின் மேல் நூறு வருடக் கைபட்டுப் படிந்த கறுப்புத்தான் அதன் ஜாதகம். இது அசல் என்று தன் மனம் சொல்கிறது. ஆனால் வாங்குகிறவனிடம் காட்ட ஜாதகம் வேண்டுமே. இனி எதிர்பார்க்கக்கூடியது என்று அவர் சொன்ன தொகை ஜீப்பின் ஒரு டயருக்குக் காணாது.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. வந்தவர் வருத்தத்தோடு, "ஞான் கத்தில்…" என்று, தான் எழுதிய கடிதத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அதற்குள் அம்மா சாயாவோடு வந்துவிட்டாள். சீனி போதுமா என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தது போலவே, அவசரமில்லாமல், ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு, தேய்த்ததில் களிம்புப் பச்சை படிந்த என் விரல்களையும் பார்த்தார். சாயாவை முழுக்கக் குடித்துவிட்டு, இது வீட்டிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.

அவர் போனபின், யார் இதைத் தேய்த்தது என்று அப்பா கேட்டார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பிள்ளையாக்கும்" என்றாள் அம்மா. "அதுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் சொல்லாண்டாம்."

அப்பா திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, ஏறுகிற பஸ்ஸில் கூட்டம் நெரியும்போதெல்லாம் என்னைக் காட்டி, ஜீப்பை முழுங்கின மகராசி என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், உள்ளுக்குள் வேகும். என் கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னார். அன்றைக்கு அம்மா மட்டும் இல்லையென்றால் முதுகு பழுத்திருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

போன வருடம் வீட்டுவரி ரசீது தேடி அம்மாவின் பெட்டியைக் குடைந்தபோது குப்பி கையில் பட்டது. செம்பு மறுபடி கறுத்துவிட்டிருந்தது. மானுக்குக் கண் மட்டும் திரும்பி வரவில்லை. அதைச் சுற்றியிருந்த துணிக்குள் நான்காக மடித்த கடிதமும் இருந்தது. இரண்டாவது வரி அடிக்கோடிட்டிருந்தது: எந்தக் காரணம் கொண்டும் துலக்கவோ தேய்க்கவோ கூடாது, மதிப்பு முழுவதும் போய்விடும்.

கோபம் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டாளே என்று வந்த கோபம். அடுக்களையில் அம்மா பயறு உருவிக்கொண்டிருந்தாள். கேட்கத்தான் போனேன். கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பயறு உருவினேன்.

மதிப்புப் பார்ப்பவர் வந்துபோன அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் என் கைகளைக் கழுவிவிட்டாள். நகக்கண்ணிலிருந்த பச்சையெல்லாம் இரண்டாவது வாளியிலேயே போய்விட்டது. போயிற்று அம்மா என்று சொன்னேன். அவள் கேட்காதவள் போல மூன்றாவது வாளி இறைத்தாள். பிறகு நான்காவது. சுத்தமான கையை ஏன் இப்படிக் கழுவுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது, நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.