தொலைவதற்கு ஓர் ஒத்திகை

மும்பைக்கு நான்கு நாள் போய்வருவதற்காக நான் தயாரித்த பட்டியலில் அறுபத்தொரு வரிகள் இருந்தன. ரயிலில் எந்தப் பிள்ளை எந்தப் படுக்கையில், காய்ச்சல் மருந்து எந்தப் பையின் எந்த அறையில், மணல் ஒட்டிய செருப்புகளைப் போட எத்தனை உறைகள், எல்லாம் அதில் இருந்தது. என் கணவர் அதைக் கைபேசியில் மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"தாயே, இது டூரா, ராக்கெட் விடறதா?"

"ராக்கெட்ல மூணு வயசுப் பையன கூட்டிட்டுப் போக மாட்டாங்க," என்றேன்.

மலைகளை நாங்கள் கைவிட்டதற்கு அந்த மூன்று வயதுப் பையன்தான் காரணம். ஏற்காடு ஏறும்போது எந்த வளைவில் வாந்தி எடுப்பான் என்று எங்களுக்கு எண் சொல்லத் தெரியும். ஆகவே வளைவு இல்லாத ஊர், பெரிய நகரம் என்று முடிவாயிற்று. பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேட்டேன். ஒருவர் பதில் மற்றவரைக் கெடுக்கக் கூடாது. ஐந்து வயது மகள் இரண்டு மாடி பஸ் என்றாள், குதிக்கிற மாதிரி கட்டில் என்றாள். மகன் லிஃப்ட் என்றான். வேறு என்ன என்றேன். இன்னொரு லிஃப்ட் என்றான்.

முப்பத்தெட்டாவது வரிதான் சிக்கல். 'கூட்டம்' என்று எழுதி, பக்கத்தில் 'தீர்வு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

அதற்கு முந்தைய வருடம் மைசூர் மிருகக்காட்சிசாலையில் மகளைத் தொலைத்துவிட்டோம். நான்கு நிமிடம். பிற்பாடு கைபேசியில் அழைப்பு நேரங்களைப் பார்த்துக் கணக்கிட்டதால் அது எனக்குத் துல்லியமாகத் தெரியும். மகனுக்காக பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது, ஒரு கை மகளிடம் இருந்தது, அதை எடுத்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை. ஒட்டகச்சிவிங்கிக் கம்பிவேலிக்கு முன்னால், வேறொரு குடும்பத்தின் நடுவே, அவர்கள் பிள்ளை போலவே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து எங்கே நாலு பேர் கூடினாலும் மகளின் கையை அவரே முதலில் பிடித்துக்கொள்வார். கல்யாண மண்டபம், கமர்ஷியல் தெரு, பள்ளிக்கூட ஆண்டுவிழா. நான் கையை நீட்டும்போது அந்தச் சின்னக் கை ஏற்கெனவே அவரிடம் இருக்கும். எனக்கு வருவது பை.

அந்தக் கை எனக்குத் திரும்ப வேண்டும். மும்பைப் பட்டியலின் உண்மையான காரணம் அதுதான். இந்தியாவிலேயே பெரிய கூட்டத்தில் அவளை நான் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்துவிட்டால், அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே ஒத்திகை என்று தீர்மானித்தேன். புறப்படுவதற்கு முந்தைய வாரம், சனிக்கிழமை, பெங்களூரிலேயே. பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்பி, மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தின் கூட்டத்தில் மகளை வேண்டுமென்றே தொலைப்பது. கணவர் இருபதடி தள்ளி நின்று அவளைக் கண்காணிப்பார். பத்து நிமிடத்துக்குள், அழாமல், சரியான முறையில் அவள் என்னிடம் வந்து சேர்ந்தால் மும்பை. இல்லையென்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, வழக்கம்போல கிருஷ்ணகிரியில் அவர் அக்கா வீடு. அந்த வீட்டில் லிஃப்ட் கிடையாது.

வேறு யாராவதாக இருந்தால் என்னை டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். என் கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள் செக் பண்றது நல்லதுதான்," என்று மட்டும் சொன்னார்.

சரியான முறை என்பதை நான்தான் வகுத்தேன். தொலைந்தது தெரிந்ததும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். சீருடை போட்ட பெண்ணையோ, குழந்தை வைத்திருக்கும் பெண்ணையோ தேட வேண்டும். என் எண்ணைச் சொல்ல வேண்டும். யார் வந்து கூப்பிட்டாலும், பாஸ்வேர்ட் சொன்னால்தான் போக வேண்டும்.

கடைசி விதி என் தொழிலிலிருந்து வந்தது. அலுவலகத்தில் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் பாஸ்வேர்டுக்கு உரிய சட்டங்களையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது.

"அப்பாகிட்டயுமா?"

அலுவலகத்தில் மேலாளருக்கே விலக்கு கிடையாது. "அப்பாகிட்டயும்," என்றேன்.

வெளியே தெரிந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். பழையது செல்லாது. மூன்று முறை தப்பாகச் சொன்னால் அரை மணி நேரம் பூட்டிவிட வேண்டும். கடைசியை நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அதைப் பள்ளிப் பாட்டைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி. எங்கள் வீடு பிரேசர் டவுனில், மாடியில். மகள் படியிறங்கித் தெருவாசலில் நின்று தொலையத் தொடங்கினாள். அலுவலகக் கூட்டத்தின் நடுவில் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரும். ஒருநாள் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர்.

"மேடம், உங்க பேபி மேலருந்து எறங்கி வந்து, தொலஞ்சுட்டேன்னு சொல்லுது. மேல அனுப்பவா, நீங்க வரீங்களா?"

"அனுப்பிடுங்க பாய்."

"நேத்தும் தொலஞ்சுது மேடம். காலைல ஒரு தடவ. கேரட் குடுத்தேன்."

தொலைந்தால் கேரட் கிடைக்கும், பேக்கரிப் பக்கம் தொலைந்தால் பிஸ்கட் கிடைக்கும் என்று அவள் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். வியாழக்கிழமை, ஒரு கேரட்டுக்காக பாஸ்வேர்டையும் அவரிடம் சொல்லிவிட்டாள். சட்டப்படி அதை மாற்றியாக வேண்டும். வெள்ளிக்கிழமை நான் கூட்டத்தில் இருந்தபோது அவளாகவே புதிதாக ஒன்று வைத்து, வந்து என் காதில் சொன்னாள். அந்தக் காதில் ஹெட்போன் இருந்தது. நான் கட்டைவிரலை உயர்த்தினேன். ஒரு ஒத்திகையின் மொத்தப் பாதுகாப்பும் அந்தக் கட்டைவிரலோடு போனது எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை காலை மெஜஸ்டிக். பெட்டியின் எடை நிஜப் பயணத்தின் எடையாகவே இருக்க வேண்டும் என்பதால் அதில் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்திருந்தேன். மெட்ரோ நுழைவாயிலில் பெட்டியைச் சோதிக்கும் காவல்பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் மேடம், உள்ள வெறும் அக்கிதானா? துணிமணி இல்லையா?"

"அரிசி மட்டும்தான்."

"எங்க போறீங்க?"

"மும்பை. ஆனா இன்னைக்கு இல்ல."

ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, போங்க," என்றார். அரிசிக்குத் தடை எதுவும் இல்லை போலும்.

உள்ளே நல்ல கூட்டம்; ஒத்திகைக்கு ஏற்ற கூட்டம். பத்து ஐந்துக்கு மகளின் கையை விட்டுவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். கையை விடுவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள்தான், "அம்மா, போங்க, டைம் ஆச்சு," என்று தள்ளினாள்.

முறை பிசகாமல் செய்தாள். நின்றாள். சுற்றிப் பார்த்தாள். நேராக அந்தக் காவல்பெண்ணிடம் போய், நான் இல்லாத திசையைக் காட்டி ஏதோ சொன்னாள். என் எண்ணை ஒப்பித்தாள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கைபேசி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற என் விதியை நானே மறந்து ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன்.

"பாப்பா, இவங்கதான் உங்க அம்மாவா?" என்றார் காவல்பெண்.

மகள் கையைக் கட்டிக்கொண்டாள். "பாஸ்வேர்ட்?"

"பச்சைக் கத்தரிக்கா," என்றேன் பெருமையாக.

"அது பழசு. தப்பு. ஒண்ணு."

"கண்ணு, புதுசு எனக்குச் சரியா கேக்கல..."

"நான் சொன்னேன். அம்மா தம்ஸப் காமிச்சாங்க."

"ஊதா கத்தரிக்கா?"

"ரெண்டு."

கூட்டம் சேரத் தொடங்கியது. காவல்பெண்ணின் முகம் மாறியது. என் கைபேசியில் மகளின் படங்களைக் காட்டினேன்: பிறந்தநாள், பள்ளி, பல் விழுந்த நாள்.

"போட்டோ யார் வேணா வச்சிருப்பாங்க ஆன்ட்டி," என்றாள் மகள். அந்த வாக்கியமும் என்னுடையதுதான்.

"சரியா சொல்லுது மகு," என்றார் காவல்பெண், கன்னடத்தில் குழந்தையைச் சொல்லும் சொல்லால். கூட்டத்தில் ஒருவர் ஆதார் கேட்டார். இன்னொருவர், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியவர், "ஓடிபி அனுப்பச் சொல்லுங்க மேடம்," என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். நான் பதற்றத்தில், "வெள்ளைக் கத்தரிக்கா," என்றேன்.

"மூணு. லாக் ஆயிடுச்சு."

"எவ்ளோ நேரம்மா லாக்?" என்று காவல்பெண் அவளிடம் மரியாதையாகக் கேட்டார்.

"அரை மணி."

காவல்பெண் தன் கைபேசியை எடுத்து, குழந்தை சொன்ன எண்ணுக்கு அழைத்தார். என் கையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ மேடம், உங்க பொண்ணு இங்க மெஜஸ்டிக்ல சிக்கிருக்கா. யாரோ ஒரு லேடி வந்து எம் பொண்ணுங்கறாங்க. சீக்கிரம் வாங்க."

"வந்துட்டேன்," என்றேன், இரண்டடி தூரத்திலிருந்து.

"எங்க இருக்கீங்க?"

"உங்க முன்னாடி."

அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் என் கணவர், தோளில் மகனும் கையில் பெட்டியுமாக வந்து சேர்ந்தார். காவல்பெண்ணுக்குப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

"ஓ, அரிசி பார்ட்டி! சார், நீங்களாவது சொல்லுங்க. பாஸ்வேர்ட் என்ன?"

"எனக்குச் சொல்லக் கூடாதுங்க," என்றார் என் கணவர். "அதான் ரூல்."

"அப்பா சொல்றது கரெக்ட்," என்றாள் மகள்.

ஐந்து நிமிடம் அப்படியே நின்றோம். பெற்ற தாய், பெற்ற தகப்பன், பத்து கிலோ அரிசி. அரை மணி முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. தோளில் இருந்த மகனுக்கு அலுத்துவிட்டது.

"குரங்கு இட்லி," என்றான்.

"டேய்! சொல்லக் கூடாதுன்னு உன்கிட்ட சொன்னேன்ல!" என்று மகள் கத்தினாள்.

காவல்பெண் நோட்டைத் திறந்து கன்னடத்தில் நீளமாக எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினார் என்று படித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை.

வெளியே ஒரு தர்ஷினி ஹோட்டலில் நின்றபடி காபி குடித்தோம். பிள்ளைகள் ஒரு வடையைப் பங்கிட்டுச் சண்டை போட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "பதினோரு நிமிஷம். ஃபெயில். உங்க அக்காவுக்குப் போன் பண்ணிடுங்க."

அவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "மைசூர்ல," என்றார். ஒரு வருடத்தில் முதல்முறையாக அந்த ஊரின் பெயரைச் சொல்கிறார்.

"நீ பிஸ்கட் பிரிக்கறப்ப, இவள நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். அவ கையயும் பிடிச்சேன். அப்புறம் ஸ்கோர் பாக்கலாம்னு போன எடுத்தேன்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். உனக்குக் கேக்கல போல. பையன் அழுதிட்டிருந்தான்."

"அப்ப ஏன் ஒரு வருஷமா நீங்களே அவ கையப் பிடிச்சுக்கறீங்க?"

"பின்ன? விட்டது நான்தானே?"

"நான் விட்டேன்னு நீங்க நினைக்கறீங்கன்னு..."

"நீயா?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "நீ எங்க விட்ட?"

அறுபத்தொரு வரிகளில் இதைக் கேட்க ஒரு வரி நான் போட்டிருக்கவில்லை. காபி ஆறும்வரை இரண்டு பேரும் பிள்ளைகளின் வடைச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. சோதனையில் தோற்றதை வெளியே அனுப்புவது அவருடைய தொழிற்சாலையில் நடக்காதாம். என் துறையில் அது வாராவாரம் நடப்பது.

அடுத்த வாரம் மும்பையில் ரயிலிலிருந்து இறங்கினோம். நடைமேடையில் இருந்த ஜனம், மெஜஸ்டிக்கையே ஒரு காலியான கூடமாக நினைக்கவைத்தது. பெட்டியை இறக்கியதும், நானும் அவரும் ஒரே நேரத்தில் மகளின் கையைப் பிடித்தோம். நான் வலது, அவர் இடது. மகனைப் பிடிக்க ஆள் இல்லை. அவன் பெட்டிமேல் உட்கார்ந்து, லிஃப்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் இழுக்காதீங்க," என்றாள் மகள். "ஒருத்தர் விடுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் விட்டார். மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பெட்டியை உருட்டியபடி, கூட்டத்துக்குள் வழி பண்ணிக்கொண்டு முன்னால் நடந்தார். படிக்கட்டு வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.