தம்பி தன் கணக்கில் கூட்டிய ஓர் அடி

நுவரெலியாவில் அந்த கோல்ஃப் போட்டி மூன்றே வருடம்தான் நடந்தது. இந்தியா, பங்களாதேஷ் என்று அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து, விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வந்து ஆடினார்கள். அப்புறம் ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்களிடம் யார் எதைச் சொல்லியிருக்கிறார்கள்?

அந்தக் கடைசி வருடத்தில் என் தம்பியும் ஆடினான். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் துரைமாருக்கு கோல்ஃப் பை தூக்கப் போனவன், ஆடிப் பழகி, தொழில்முறை ஆட்டக்காரனாகவே ஆகியிருந்தான். ஜெயித்தால் அடுத்த வருடம் முழுக்க வெளிநாட்டுப் போட்டிகளில் ஆட இடம் கிடைக்கும். தோற்றால் மறுபடி பைதான்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் நானும் கொழுந்து எடுக்கிறவர்கள், அன்று வேலையில்லை. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய், மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றோம். அத்தனை பேர் கூடியும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கானால் விசிலடிக்க வாய் துறுதுறுத்தது. கடைசிக் குழிக்கு வரும்போது தம்பியும் ஓர் இந்தியக்காரரும் சமம். குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி.

தம்பியின் பந்து உயரமான புல்லுக்குள் கிடந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தவன் சட்டென்று விலகி நின்று கையைத் தூக்கினான். நடுவர் வந்தார். இருவரும் குனிந்து ஏதோ பேசினார்கள். மட்டை பட்டுப் பந்து நூலளவு நகர்ந்துவிட்டதாம், அப்படி நகர்ந்தால் ஓர் அடி தண்டமாம். யாருமே பார்க்கவில்லை, கூட ஆடியவரும் தள்ளித்தான் நின்றார். இவனாகவே சொல்லி, தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டான். அந்த ஓர் அடியில் தோற்றான்.

பஸ்ஸில் ஏறியதும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“யாருடா பாத்தா? வாய மூடிக்கிட்டு அடிச்சிருக்க வேண்டியதுதானே?”

“பந்து நகந்துச்சுக்கா.”

“நகந்தா நகந்துட்டுப் போவுது!”

“அந்தாளு பந்து நகந்திருந்தா அவரும் சொல்லியிருப்பாருக்கா. இந்த ஆட்டத்துல அப்புடித்தான்.”

பாட்டன் காலத்திலிருந்து எங்கள் கணக்கை அடுத்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். தனக்கு எதிராகத் தானே கணக்குச் சொல்லும் மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பயலும் அதில் ஒருத்தன் என்று நினைக்கவே மலைப்பாக இருந்தது. வழி முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருடம் போட்டியே இல்லை. அவன் மறுபடி பை தூக்கப் போனான். ஆனால் நான் சொல்ல வந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நடந்ததை.

அன்று நல்ல வெயில். கொழுந்து நிறுக்கும் இடத்தில், வழக்கம்போல் ஈரத்துக்கென்று எடையைக் குறைத்து எழுதக் கணக்கப்பிள்ளை பேனாவை எடுத்தார். அவரை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத அம்மா சாக்கின் மேல் கையை வைத்தாள்.

“எம் மகன், கண்ணால பாத்தத உள்ளபடி சொல்லித் தோத்துட்டு வந்திருக்கானுங்க ஐயா. நீங்களும் பாத்துட்டுச் சொல்லுங்க. ஈரம் எங்க இருக்கு?”

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் யாரும் அசையவில்லை. கணக்கப்பிள்ளை எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்த கை காய்ந்துதான் இருந்தது.