கடலுக்குப் போன கழுதைக்கு முதலிடம்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் அப்போது குடியிருந்தோம். என் கணவருக்கு லாரி ஓட்டும் வேலை. பாதி வாரம் பினாங்கு, மீதி வாரம் கோலாலம்பூர் என்று அலைவார். நான் டிரான்சிஸ்டர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட் என்றால் அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். எங்களுக்கு ஒரே மகள். பள்ளியில் சேர இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. அவளை அதே ஊரில் சிலிபின் பகுதியில் இருந்த என் ஓரகத்தி வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

என் கணவரின் அண்ணன் மனைவியைத்தான் சொல்கிறேன். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். ஆளும் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அவர் வீட்டுக்குள் சிரித்தால் தெருமுனைக் கோப்பிக் கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள். மூத்தவன் சிங்கப்பூரில் வேலை செய்தான். அவன்தான் ஒரு பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது வீடியோ பிளேயரும், தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றும் கொண்டுவந்து இறக்கினான். தம்பிக்காகத்தான் கொண்டுவந்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டது அக்கா.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுவார். பக்கத்தில் என் மகள். இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக் கடையிலிருந்து கார்ட்டூன் படங்களாக எடுத்து வந்து பார்ப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் வரிசை போடுவார்கள். எந்தக் கார்ட்டூன் முதலிடம், எது இரண்டாம் இடம், எந்த கேம் மேலே ஏறியது, எது கீழே இறங்கியது என்று பெரிய விவாதமே நடக்கும். எல்லாம் வாய் வழிதான். ஆனால் ஒருவர் வரிசை மற்றவருக்கு மனப்பாடம்.

அக்காவின் ரசனை தனி ரகம். ஊரே அடித்துக்கொண்டு விளையாடிய கார் பந்தய கேமை அவர் கடைசியில் தள்ளினார். தானியத்தைக் கொத்த வரும் குருவிகளை ஒரு தாத்தா குச்சியால் விரட்டும் கேம் ஒன்று இருந்தது. அக்காவின் பிள்ளைகளே அதைச் சப்பை என்று ஒதுக்கிவிட்டார்கள். அக்காவுக்கு அதுதான் முதலிடம். அந்தத் தாத்தாவின் அருமை யாருக்கும் தெரியவில்லை என்று மனசாரக் கோபப்படுவார். கார்ட்டூனில் அவருக்கு இயந்திர மனிதர்கள் அடித்துக்கொண்டு சாகும் படம்தான் முதல். வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் கை தட்டுவார்.

இந்த வரிசை போடுவதற்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமானால் அதைக் கடைசி வரை பார்த்திருக்க வேண்டும். எழுத்து ஓடி, திரை கறுப்பாகும் வரை எழுந்திருக்கக் கூடாது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. பாதிப் படத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் படத்தைப் பற்றி வாய் திறக்க உரிமை இல்லையாம்.

இந்தச் சட்டத்தில் அடிபட்டது நான்தான். இரவு ஷிஃப்ட் வாரங்களில் தொழிற்சாலை பஸ் என்னைக் காலையில் சிலிபின் முச்சந்தியில் இறக்கிவிடும். நேராக அக்கா வீட்டுக்குப் போவேன். அறைகளில் தகரக் கூரை சூடு கொதிக்கும் என்பதால் கூடத்தில், மின்விசிறிக்கு அடியில் அக்கா பாய் விரித்து வைத்திருப்பார். தொலைக்காட்சி இருப்பதும் அதே கூடத்தில்தான். மகள் படத்தைப் போடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கும்போதே என் கண் செருகிவிடும். எழுந்து பார்த்தால் மதியம். படம் முடிந்திருக்கும். அந்த இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். அந்த முதுகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை, நானும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொள்ளலாம் என்று, மகள் முதலிடம் கொடுத்திருந்த படத்தை, "அந்தக் கழுதைப் படம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். கிழட்டுக் கழுதை ஒன்று கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மலையிலிருந்து இறங்கி நடந்துகொண்டே இருக்கும் படம் அது. கதையெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க தூங்கிட்டீங்கம்மா. நீங்க சொல்லக் கூடாது" என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

பெற்றவளுக்குப் பேச உரிமை இல்லை, பெரியம்மாவுக்கு உண்டு. இதைச் சொல்லி யாரிடம் அழுவது? கணவரிடம் சொன்னேன். கார்ட்டூன் படத்துக்கா இந்தப் பாடு படுகிறாய் என்று கேட்டுவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஓவர்டைம் செய்து, ஈப்போ டவுனில் ஒரு சீனர் கடையில், கையில் வைத்து விளையாடும் சின்ன வீடியோ கேம் ஒன்று வாங்கினேன். இனி மகள் என் கையை விடமாட்டாள் என்று பஸ்ஸில் வரும்போதே மிதந்துகொண்டு வந்தேன். அவளும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை வரிசையில் அது கடைசி இடத்துக்குப் போனது. ஏன் என்று கேட்டேன். இதில் ஒரு ஆள்தான் விளையாட முடியும், பெரியம்மா சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. புந்தோங் வீட்டில் மகள் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறேன். அவள் கண்ணைத் திறக்காமலேயே, "பெரியம்மாகிட்ட போலாம்" என்றாள். துணியைப் பிழிந்து மறுபடி நெற்றியில் போட்டேன். போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு அம்மா வீட்டோடுதான் இருந்தார். அடுத்த மாதத்திலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். சரி என்றார். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிலிபின் தூரம் என்று சொல்லலாம். உண்மையைச் சொல்ல வாய் வராது.

அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்து முடிக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மகளுக்குப் பிடித்த அந்த முதலிடப் படத்தை, அக்கா இல்லாமல், என் வீட்டில், நானும் அவளும் மட்டும் கடைசி வரை பார்க்க வேண்டும். அப்போதெல்லாம் வார இறுதிக்கு வீடியோ பிளேயரையே வாடகைக்குக் கொடுப்பார்கள். அதை எடுத்தேன். கழுதைப் படம் வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீளமான படம், தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, சிலிபினில் ஒரு அம்மாவைத் தவிர யாரும் எடுப்பதில்லை என்றார். அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கு அது என் கையில் என்று வீறாப்பாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கெட்டியாக ஒரு கோப்பி கலக்கிக் குடித்தேன். முந்தின இரவு நன்றாகத் தூங்கியும் இருந்தேன். டேப்பைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டி, மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். கழுதை வந்தது. வாயைத் திறந்தது. கரகரவென்று ஓர் ஆண் குரல், என்ன பாஷை என்றே தெரியவில்லை. மகள் திடுக்கிட்டுப் போனாள்.

"கழுத இப்படிப் பேசாதும்மா."

பின்னே எப்படிப் பேசும் என்று கேட்டேன்.

"பெரியம்மா மாதிரி பேசும். மெதுவா."

எனக்குச் சுருக்கென்றது. இங்கேயும் பெரியம்மாவா! நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். மகள் நெளிந்தாள். தொலைக்காட்சியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் மெல்ல என் கையைத் தொட்டு, நான் தூங்கவில்லையா என்று கேட்டாள். இல்லை, இன்றைக்கு முழுப் படமும் உன்னோடு பார்க்கப் போகிறேன் என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது.

"இந்தப் படத்துக்கு நீங்க தூங்கணும்மா."

பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. நான் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுக்கும் காலைகளில் அக்கா போடுவது இந்த ஒரே படத்தைத்தானாம். கடையில் இருப்பதிலேயே நீளமான படம் இதுதான். இது ஓடி முடியும் வரை பிள்ளை இடத்தைவிட்டு அசையமாட்டாள், அம்மா நிறைய நேரம் தூங்கலாம் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நான் படுத்ததும் முதல் வேலையாகச் சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிடுவாராம். சத்தமில்லாத படத்தில் பிள்ளைக்கு என்ன புரியும்? அதனால் கழுதைக்கும், வழியில் வரும் ஆட்டுக்கும், பாலத்துக் காவல்காரனுக்கும் அக்காவே தமிழில் பேசுவாராம், பிள்ளையின் காதுக்குள், கிசுகிசுவென்று. தெருமுனை வரை கேட்கிற அந்தக் குரல்! என் காதுக்கு எட்டாதபடி அதை அடக்கிக்கொண்டு ஒரு முழுப் படத்துக்கும் பேசியிருக்கிறது.

உங்களிடம் மறைப்பானேன், அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். நான் தூங்குகிற நேரம் பார்த்து இவ்வளவு பெரிய உலகமே நடந்திருக்கிறதே என்று. அதனால்தான் இந்தப் படத்துக்கு முதலிடமா, பெரியம்மா பேசுவதாலா என்று மகளிடம் கேட்டேன். என் குரலில் இருந்த புளிப்பு அவளுக்குத் தெரிந்திருக்காது. இல்லை என்று தலையாட்டினாள். படம் ஓடும்போது என் கால் மேல் சாய்ந்துகொண்டுதான் பார்ப்பாளாம்.

"மத்த படத்துலல்லாம் நீங்க இல்லையே" என்றாள்.

நான் எழுந்து போய்ச் சத்தத்தை அடைத்தேன். பாயைப் போட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சிறிது நேரத்தில் என் கால் மேல் அவள் தலை வந்து படிந்தது. பிறகு அவளே கழுதைக்குப் பேச ஆரம்பித்தாள். "இரு லா கடலு, வாரேன். முட்டி வலிக்குது, கொஞ்சம் ஒக்காந்துட்டு வாரேன்." அந்த 'லா' உட்பட, அச்சு அசல் அக்காவின் தோட்டத்துப் பேச்சு. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று அசையாமல் கிடந்தேன்.

மறுநாள் பகல் ஷிஃப்ட். மகளை அழைத்துக்கொண்டு சிலிபினுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், நான் நினைத்ததெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது. சும்மா கேட்பதுபோல, அந்தக் கழுதைப் படத்துக்கு உங்கள் வரிசையில் எந்த இடம் என்று கேட்டேன்.

"அதுவா? கடைசி லா" என்றார் அக்கா, தலையைக்கூட நிமிர்த்தாமல். "பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியமே புடிக்கப் போகுது. கடலுக்குப் போறதுக்கு ஒரு கழுதைக்கு இவ்வளவு நேரமா?"

பின்னே ஏன் அதையே போடுகிறீர்கள் என்றேன்.

"நீ தூங்குற இல்ல?" என்றார். இது ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, பஸ் போய்விடப் போகிறது, ஓடு என்று விரட்டினார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டம்மாவிடம், பிள்ளை சிலிபினிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு அவள் பள்ளியில் சேரும் வரை அந்தக் கழுதை அக்கா வீட்டில் நடந்துகொண்டேதான் இருந்தது. நான் எத்தனையோ முறை அக்காவைக் கெஞ்சிக் கேட்டேன், ஒரு தடவை என் எதிரில் கழுதை மாதிரி பேசிக் காட்டுங்கள் என்று. வெட்கப்பட்டுச் சிரிப்பாரே தவிர, கடைசி வரை பேசவில்லை. ஒரு காலையில் தூங்குவதுபோல நடித்தும் பார்த்தேன். ஆனால் அந்தக் கூடத்து விசிறிக்கு அடியில் படுத்தால் நடிப்பு எங்கே நிற்கும், நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

அக்கா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது என் மகள் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து கார்ட்டூன்களுக்கு வரிசை போடுகிறாள். நடுவில் திடீரென்று அந்தக் குரலில் பேசிக்காட்டிச் சிரிக்கிறாள். அக்காவின் மேல் இருந்த பொறாமை எனக்குப் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை என்றுதான் சொல்வேன். அன்றைக்கு என் மகளின் பாசத்துக்காகப் பொறாமைப்பட்டேன். இன்றைக்கு, பிடிக்காத ஒரு படத்தை இன்னொருத்தியின் தூக்கத்துக்காகத் திரும்பத் திரும்பக் கடைசி வரை உட்கார்ந்து பார்க்க முடிந்த அந்த மனத்தை நினைத்துப் பொறாமைப்படுகிறேன்.