தெரிந்த பெயரை ஒன்பது நாள் மறைத்தவர்

கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் லென்ஸ் தேய்த்துவிட்டு, எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார் அவர். பழைய போர் விமானத்தின் புகைப்படத்தை நீட்டினால் போதும், வாலைப் பார்த்தே வம்சத்தைச் சொல்லிவிடுவார். அதனால் எங்களுக்கு அவர் ‘வால்’. ஒருமுறை வெறும் நிழலைப் பார்த்து விமானம், வருடம், அன்று காலை விமானி சாப்பிடவில்லை என்பதுவரை சொன்னார். கடைசியது மட்டும் என் கைச்சரக்கு.

இணையத்தில் யார் யாரோ படம் அனுப்புவார்கள். இவர் பெயர் சொல்வார். “நன்றி” என்று வரும். அதோடு சரி, கரையேறியவன் ஓடக்காரனைத் திரும்பியா பார்க்கிறான்? மனைவி போய் ஆறு வருடம். மகன் மாதம் ஒருமுறை “சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் போனை வைத்துவிடுவான்.

அப்படியிருக்க, ஒரு பெண் படத்தை அனுப்பிவிட்டுப் போனும் செய்தாள்.

“சார், இது எந்த விமானம்? எங்கப்பா இதுல மெக்கானிக்கா இருந்தவர்.”

பானை வயிறு. மூக்கில் ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு காற்றாடி. கைக்குட்டைபோல் மடித்துவைத்த இறக்கை. கப்பலிலிருந்து கிளம்பி நீர்மூழ்கிகளைத் தேடிய ‘கேனட்’. கண்ணாடி போடாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அவளும் நன்றி சொல்லிப் போய்விடுவாளே!

“வால் சரியா தெரியலம்மா. வேற படம் இருக்கா?”

மறுநாள் வால் வந்தது. அடுத்த நாள் சக்கரம் கேட்டார். படத்தோடு அவளுடைய மேனேஜரின் கெடுபிடி, ஒழுகும் குழாய் எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் ‘சார்’ போய் ‘அண்ணா’ ஆயிற்று. அவள் கூப்பிடுவாள் என்று மாலை ஐந்து மணிக்கே சட்டை மாற்றி, நாற்காலியை போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“போன்ல சட்டை தெரியுமா?” என்றேன்.

“உங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்றார். முகம் என்னவோ சிரித்தது.

ஒன்பதாம் நாள் அவள் குரல் இறங்கியிருந்தது. “விட்டுடுங்கண்ணா, நீங்களும் எவ்வளவுதான் தேடுவீங்க? அப்பாவுக்குப் பேச்சு குறைஞ்சிட்டே வருது. படத்தைத் தடவித் தடவிப் பேரை யோசிக்கறார். வரலைன்னு அழறார்.”

இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“போனை அப்பா காதுல வைம்மா.” பிறகு, “கேனட்!” என்று கத்தினார். கீழே எனக்கே கேட்டது.

மறுமுனையில் இருமலாம். அப்புறம், எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் ஒரு கிழக்குரல்: “கே… னட். ஒரு பக்கத்து எஞ்சினை அணைச்சுட்டு… இன்னொண்ணுல பறப்போம்.”

“எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க!” மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“முதல் நாளே தெரியும்மா.”

ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லையாம். “அப்பா கூப்பிடறார். வெச்சிடறேன், சார்.”

“ஒரு பொய்யைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? எங்கிட்ட கேட்டிருந்தா கூடை கூடையா குடுத்திருப்பேனே!” என்று திட்டினேன். அவர் காதில் விழவில்லை.

“நாளைக்குக் கூப்பிடுவாளாக்கா?”

மறுநாள் ஐந்து மணிக்கு மாடியில் நாற்காலி இழுபட்டது. எட்டுவரை வேறு சத்தமே இல்லை.