சகலையின் எம்.பி.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் கோட்டைச்சாமிக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளைக் கண்டால் மட்டும்தான் வயிறு எரியும். மற்றபடி நல்ல மனுஷன். பக்கத்துக் கடைக்காரர் புது வண்டி வாங்கினால் முதல் ஆளாகப் போய்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வருவான். ஆனால் அருப்புக்கோட்டை மாரிக்கண்ணன் பெயரை யாராவது எடுத்தால் போதும், தின்ற சோறு நெஞ்சிலேயே நின்றுவிடும்.

மாரிக்கண்ணன் வேறு யாருமில்லை, சகலைதான். அக்கா முருகலட்சுமியைக் கட்டியவன் கோட்டைச்சாமி, தங்கச்சி தங்கலட்சுமியைக் கட்டியவன் மாரிக்கண்ணன். முறைப்படி மாமனார் வீட்டில் முதல் இலை மூத்த மருமகனுக்கு. அந்த இலையில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். அதில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "சின்ன மாப்பிள்ளை கார் வந்துருச்சா, பாரு" என்பார்கள். அந்தச் சோறு எப்படி இறங்கும்?

இத்தனைக்கும் கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே தராசில்தான் நின்றார்கள். கோட்டைச்சாமிக்கு நாலு ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் கருவேலமுள். மாரிக்கண்ணனுக்கும் குமாரலிங்கபுரத்துப் பக்கம் அதே லட்சணத்தில் ஒரு காடு கிடந்தது. அங்கே ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் அந்தக் காட்டின் விலை ஏறியது, மாரிக்கண்ணன் பேச்சும் ஏறியது. உழவில்லை, விதையில்லை, களையெடுப்பில்லை. சும்மா கிடந்த மண் ஒருத்தனைப் பெரிய மனுஷனாக்கிவிட்டது. தன் நாலு ஏக்கரைக் கடவுள் ஏன் இருபது மைல் மேற்கே தள்ளிப் போடவில்லை என்று கோட்டைச்சாமி பல நாள் யோசித்திருக்கிறான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கொழுந்தியாள் வீட்டு வளைகாப்பில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது மாரிக்கண்ணன் கேட்டான்.

"எங்க எம்.பி. இந்த வருசத்துல மட்டும் அம்பது கேள்வி கேட்டுருக்காரு சகல. உங்க எம்.பி. எத்தன கேட்டாரு?"

ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர்தான். ஆனால் பார்லிமெண்ட் தொகுதியின் எல்லை இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிறது. அருப்புக்கோட்டைக்கு ஓர் எம்.பி., திருச்சுழிக்கு வேறோர் எம்.பி. இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதையே கோட்டைச்சாமி அதுவரை பெரிதாக நினைத்ததில்லை. எத்தனை கேள்வி என்று அவனுக்குத் தெரியவில்லை. பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கார் வைத்திருந்தான், பொறுத்துக்கொண்டான். மாடி வீடு கட்டினான், பொறுத்துக்கொண்டான். எம்.பி.யிலுமா அவன் ஒசத்தி?

மறுநாள் காலையிலேயே ஈ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்தான். அங்கே வேலை பார்க்கும் ரோஷினி நல்ல பொறுமைசாலி. பார்லிமெண்டின் இணையதளத்தைத் திறந்து ஒவ்வொன்றாக விளக்கினாள். வருகைப் பதிவு எங்கே இருக்கிறது, மந்திரி எழுந்து நின்று பதில் சொல்லவேண்டிய கேள்வி எது, எழுத்தில் பதில் வந்தால் போதும் என்ற கேள்வி எது, இப்படி எல்லாம். ஓட்டுப் பதிவு என்று பார்த்தால் மட்டும் பெரும்பாலும் வெறும் பக்கம்தான்.

"அங்க முக்காவாசி 'ஆமா', 'இல்ல'னு சத்தம் போட்டே முடிச்சுருவாங்கண்ணே. யாரு எந்தப் பக்கம்னு பேரு பதிவாகாது. யாராவது எந்திரிச்சு, எண்ணித்தான் ஆகணும்னு கேட்டாத்தான் பட்டன் அமுக்கி ஓட்டு. அப்பத்தான் பேர் பேரா வரும்."

அன்றைக்குக் கணக்குப் பார்த்ததில் திருச்சுழி எம்.பி. கேட்டது அறுபத்திரண்டு. கோட்டைச்சாமிக்குக் கால் தரையில் படவில்லை. கடைக்கு வந்து, யூரியா, டி.ஏ.பி. விலை எழுதும் கரும்பலகையில் பாதியை அழித்துக் கோடு போட்டான். இடது பக்கம் 'நம்ம எம்.பி.', வலது பக்கம் 'அருப்புக்கோட்டை எம்.பி.' வந்த நாள், கேட்ட கேள்வி, பேசிய பேச்சு, போட்ட ஓட்டு. கூட்டத்தொடர் நடக்கும் நாளெல்லாம் எழுதினான். உரம் வாங்க வந்தவர்கள் வாசித்தார்கள். பிறகு உரம் வாங்காதவர்களும் வந்து வாசித்தார்கள்.

கோட்டைச்சாமியின் நோக்கம் எரிச்சல்தான், சந்தேகமே வேண்டாம். சகலையின் எம்.பி. லீவு போட்ட அன்று அவன் வீட்டில் கறிக்குழம்பு. இருவரும் சமமாக வந்த நாளில் வாய் கசக்கும். ஆனாலும் பலகையில் பொய் எழுதியதில்லை. தன் எம்.பி. தொடர்ந்து ஒன்பது நாள் வராதபோது ஒன்பதையும் எழுதினான். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "அவுகளுக்கு உடம்புக்கு முடியலண்ணே, அதப்போயி எழுதணுமா?" என்று கெஞ்சினார்கள். பக்கத்தில் 'உடல்நலமில்லை' என்று சேர்த்துக்கொண்டானே தவிர, ஒன்பதை அழிக்கவில்லை. அதோடு ஒரு விதியும் வைத்திருந்தான். வாட்ஸப்பில் வருவதை எழுதமாட்டான். பார்லிமெண்டின் பதிவில் முழுசாக ஏறிய பிறகுதான் சாக்பீஸைத் தொடுவான். இதனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில், "கோட்டைச்சாமி எழுதிட்டானா? அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்றொரு பேர் வந்தது. காடு கொடுக்காததை ஒரு கரும்பலகை கொடுத்தது. சகலையிடம் இல்லாமல் அவனிடம் மட்டும் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

போன கூட்டத்தொடரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மசோதாவுக்குப் பெயர் சொல்லி எண்ணும் வாக்கெடுப்பு வந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த மசோதா. சனிக்கிழமை பட்டியலின் படம் வாட்ஸப்பில் சுற்றியது. கோட்டைச்சாமி விரலை வைத்துத் தேடினான். நம்ம எம்.பி. பெயர் இருந்தது. சகலையின் எம்.பி. பெயர் இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், மூன்று தடவை பார்த்தான். இல்லவே இல்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது, அதுவும் காதுகுத்துக்கு முந்தின நாளாகப் பார்த்து. மறுநாள் நரிக்குடியில் மைத்துனன் மகளுக்குக் காதுகுத்து, சாதிசனம் மொத்தமும் வரும். முழுப் பதிவு வரட்டும் என்று அவனுடைய விதி சொன்னது. அதற்குள் காதுகுத்து முடிந்துவிடும் என்று வயிறு சொன்னது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இதற்குத்தான். வலது பக்கத்தில் 'ஓட்டுப் போடவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தபடியே போனை நீட்டினான்.

"இம்புட்டுப் பெரிய ஓட்டு நடக்குது, உங்க எம்.பி. எங்க சகல போயிட்டாரு? பருத்தி எடுக்கப் போயிட்டாரோ?"

பந்தி முழுக்கச் சிரித்தது. மாரிக்கண்ணன் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான். முகம் செத்துவிட்டது. ஆறு வருஷமாகப் பார்க்கக் காத்திருந்த முகம் அது. கோட்டைச்சாமிக்குப் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கத் தோன்றியது. பக்கத்தில் இருந்த, மாமனாரின் பங்காளி ஒருவர், "வாட்ஸப்புல வர்றதெல்லாம் உண்மையாப்பா?" என்று இழுத்தார். அவருக்குப் பதில் சொன்னது மாரிக்கண்ணன்தான்.

"வாட்ஸப்பு இல்ல மாமா. சகல எழுதினா அது எழுதினதுதான். அந்த ஆளுக்கு நான் வீடு வீடா ஏறி ஓட்டுக் கேட்டேன். சனிக்கிழம எங்க ஊரு மண்டபத்துல குறை கேக்க வாராரு. மைக்கப் புடிச்சு நேருக்கு நேரா கேட்டுருவேன்." போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். கோட்டைச்சாமி அனுப்பினான்.

வியாழக்கிழமை ரோஷினி முழுப் பதிவை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணே, பட்டன் வேலை செய்யாதவங்க துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பாங்கள்ல, அந்தப் பேரெல்லாம் கீழ தனியாப் போட்டுருக்கு. அருப்புக்கோட்டைக்காரரு சீட்டுல போட்டுருக்காரே. நீங்க போர்டுல வேற மாதிரி எழுதிட்டீகளே?"

சீட்டு விவகாரம் கோட்டைச்சாமிக்குத் தெரியாததா? அதற்காகத்தானே அந்த விதியே வைத்திருந்தான். அவளிடம், "மாத்திருவோம்" என்றான். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பலகையில் கை வைக்கவில்லை. போனை எடுத்தான். மாரிக்கண்ணன் நம்பர் வரைக்கும் போனான். அழுத்தவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? தான் தப்பு என்றாகும். சகலையின் எம்.பி. உத்தமர் என்றாகும். அடுத்த விசேஷத்தில் பந்தி இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால்? நாலு பேருக்கு முன்னால் மாரிக்கண்ணன் மூக்குடைபட்டு நிற்பான். கார் இருந்தும், மாடி இருந்தும் நிற்பான். தனக்கு ஒரு கண் போனாலும் சகலைக்கு இரண்டு கண்ணும் போகட்டும் என்று கோட்டைச்சாமி நினைத்தான். வெட்கமில்லாமல்தான் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை இரவு முருகலட்சுமி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "தங்கச்சி போன் போட்டுச்சு. அவ வீட்டுக்காரரு நாளைக்கு எம்.பி.ய கேள்வி கேக்கப் போறாராம்ல. ஒங்க போர்ட நம்பித்தான் போறாராம். நல்லாப் பாத்துத்தான எழுதுனீக?"

"கேக்கட்டும். வாயி இருக்குல்ல?"

"நான் கேட்டது அது இல்லையே."

அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, உர லோடு விஷயமாகப் போவதாகச் சொல்லி அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். லோடாவது ஒன்றாவது. பார்க்கப் போனான். மண்டபத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். மாரிக்கண்ணன் மைக்குக்காக வரிசையில் நின்றான். முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். குடிதண்ணீர், ரோடு, ரேஷன் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டு நகர்ந்தார்கள். எழுந்து இருபது அடி நடந்தால் காதில் சொல்லிவிடலாம். மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது கோட்டைச்சாமி எழுந்தேவிட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு கட்சிக்காரன் மாரிக்கண்ணனுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கண்ணே" என்றான். அதைப் பார்த்ததும் கோட்டைச்சாமி திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

மாரிக்கண்ணன் மைக்கை வாங்கினான்.

"அய்யா, உங்களுக்காக இந்த ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டவன் நான். அந்த மசோதாவுக்கு நீங்க ஏன் ஓட்டுப் போடல? அன்னைக்கு எங்க போனீக?"

எம்.பி. கோபப்படவில்லை. உதவியாளரிடம் ஒரு காகிதம் வாங்கிக் காட்டினார். பட்டன் வேலை செய்யவில்லை, சீட்டில் போட்டேன், பதிவில் ஏறியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாற்காலி போட்ட அதே கட்சிக்காரன் கத்தினான்.

"யாருய்யா ஒனக்கு இதச் சொன்னது? எவன் பேச்சக் கேட்டு வந்த?"

தேள் கொட்டிய திருடன் மாதிரி கோட்டைச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மாரிக்கண்ணன் கையில் போன் இருந்தது, அதில் படம் இருந்தது. தூக்கிக் காட்டினால் போதும், அந்தப் பலகையைத் தெரியாதவர்கள் அங்கே கம்மி. அவன் போனைப் பைக்குள் போட்டான்.

"யாரும் சொல்லலங்க. நானாத்தான் தப்பாப் பாத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தான். வரும்போது தூணுக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்துவிட்டான்.

"அடடே, வாங்க சகல. வந்தது வந்தீக, ஒரு டீ குடிப்போம்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றார்கள். மாரிக்கண்ணன் முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. டீயை ஆற்றியபடி கேட்டான். "சீட்டுல போட்ட பேரு பதிவுல வரத் தாமசமாயிருச்சோ? உங்களுக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுருக்கும்."

'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். கோட்டைச்சாமி அந்த வார்த்தைக்கு வாயைத் திறந்தான்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றான் மாரிக்கண்ணன். "முன்னயே தெரிஞ்சுருந்தா ராத்திரியோட ராத்திரியா வந்தாவது சொல்லிருப்பீக. சொந்த எம்.பி.யோட லீவக்கூட மறைக்காத ஆளு நீங்க. அதுனாலதான் உங்க பேர அங்க இழுக்கல."

கார் வைத்திருப்பவன் காசைக் கொடுக்கலாம், இதையெல்லாம் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறான்? கோட்டைச்சாமிக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. முன்பெல்லாம் எரிந்தது அவனிடம் இருந்தவற்றுக்காக. இப்போது எரிந்தது அவன் இப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பதற்காகவே. அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் போனைத் தூக்கிக் காட்டியிருப்பான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பாராட்டைத் தின்றால் செரிக்காது. சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினான்.

"வியாழக்கிழமையே வந்துருச்சு சகல. எங்கிட்டத்தான் இருந்துச்சு."

மாரிக்கண்ணன் மடிப்பைப் பிரித்தான். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தான். கசங்கியிருந்த பேப்பரைத் திரும்ப அதே மடிப்பில் மடித்தான்.

"அங்கயே உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தீகளா?"

கோட்டைச்சாமி தலையாட்டினான்.

மாரிக்கண்ணன் பேப்பரைக் கல்லாப்பக்கம் மேஜைமேல் வைத்தான். பாதி டீயோடு தம்ளரையும் வைத்தான். கார் நிறுத்திய பக்கம் நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டைச்சாமி டீக்குக் காசு எடுத்தான். கடைக்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அவுக ரெண்டுக்கும் சேத்து வரும்போதே குடுத்துட்டாகண்ணே."