புஷ்பலதா திருப்பிக் கட்டிய கூட்டு

புந்தோங்கில் என் வீட்டுக்கும் புஷ்பலதா வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் என் மனைவி கருப்பம்மாள் இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடுவாள். போன வருஷம் திடீரென்று அந்தத் தாளிப்புச் சத்தம் குறைந்துபோனது. ஏன் குறைந்தது, பிறகு என்ன ஆனது என்று எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதி கதை பொய். பள்ளி வேன் ஓட்டுகிறவன் நான்; பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு மீதி நேரம் வீட்டு வாசலில்தான் கிடக்கிறேன். நடந்ததை நான் சொல்கிறேன்.

புஷ்பலதா கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனி தயாரிக்கும் கம்பெனியில் முறுக்கும் கடலையும் பொட்டலம் கட்டுகிறாள். அவள் புருஷன் பத்துமலைக்கு ஒரு கிடங்கில் ஜாகா வேலை, அதாவது காவல். இரண்டு பிள்ளைகள், இரண்டு சம்பளம், ஒரு பழைய கஞ்சில் கார். பத்துமலை பிறந்த ரப்பர் தோட்டத்தை மூடியபோது கிடைத்த நஷ்டஈட்டில் அவன் அப்பா வாங்கிய வீடுதான் இது. வசதி என்று சொல்ல முடியாது, ஆனால் யாரிடமும் கைநீட்டாத குடும்பம்.

கடன் வந்தது கூட்டு வழியாக. கூட்டு என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாதது இல்லை. பன்னிரண்டு பேர் மாதம் ஆளுக்கு ஐந்நூறு ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி, போடுவார்கள். மாதம் ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். அதற்குக் கை எடுப்பது என்று பெயர். கூட்டை நடத்துகிற தலைவிக்கு முதல் கை. அதற்குப் பதிலாக, யாராவது கட்டாமல் போனால் தலைவிதான் பொறுப்பு. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும், போலீசில் போய்ச் சொல்லவும் முடியாது. எனக்கு இதில் நம்பிக்கையே கிடையாது. சொன்னால் கருப்பம்மாள் கேட்டால்தானே!

புஷ்பலதா தலைவி. அவள் நாத்தனார் தினேஸ்வரி, அதாவது பத்துமலையின் தங்கை, ஒரு பங்குக்காரி. தினேஸ்வரியின் புருஷன் லோரி வாங்கப் போகிறான் என்று அழுதாள், கெஞ்சினாள். புஷ்பலதா தனக்கு வந்த முதல் கையை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். இரண்டாவது கையையும் மற்றவர்களிடம் பேசி நாத்தனாருக்கே வாங்கிக் கொடுத்தாள். மூன்றாவது மாதம் பணம் கேட்கப் போனால் தினேஸ்வரி வீட்டில் பூட்டு தொங்கியது. ஜோகூர் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை.

மிச்சமிருந்த பத்துப் பெண்களும் ஆளுக்கு ஆயிரம் கட்டியிருந்தார்கள். ஆக, பத்தாயிரம் வெள்ளி. “எங்க வூட்டுப் புள்ள செஞ்சது, நான்தான் கொடுக்கணும்,” என்று புஷ்பலதா எல்லோரிடமும் சொன்னாள். தீபாவளி வரைக்கும் தவணை கேட்டாள். அந்தப் பத்துப் பேரில் என் மனைவியும் ஒருத்தி என்பதால், சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதை அவள் கொஞ்சம் கூடுதலாகவே கவனித்தாள்.

மறுவாரமே அந்த வீட்டில் டிவி சந்தா நின்றது. கஞ்சில் காரை விற்று அதன் பேங்குப் பாக்கியை அடைத்தார்கள். பத்துமலை வேலைக்குச் சைக்கிளில் போனான். சிகரெட்டை விடச் சொல்லி அவன் அம்மா சாகும்வரை கேட்டாள், விடவில்லை. இப்போது ஒரே வாரத்தில் விட்டான். விட்ட கோபத்தில் பத்து நாள் யாரோடும் பேசவில்லை, அது வேறு. காலையில் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போனாள் புஷ்பலதா. மீன்காரச் சீனன் மிச்ச மீனைக் குவித்து வைத்து, இவள் தலையைக் கண்டதும் விலையைக் குறைத்துவிடுவான். பிள்ளைகளுக்குப் பள்ளி கேண்டீன் காசு கிடையாது. நெத்திலிச் சம்பலும் சோறும் கட்டிக் கொடுத்தாள். கம்பெனியில் உடைந்த முறுக்கைச் சும்மா கொடுப்பார்கள். அதைச் சாம்பாரில் போட்டு ஒரு நாள் எனக்கும் கொடுத்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே இருந்தது. ஒன்றை மட்டும் அவள் தொடவில்லை, பிள்ளைகளின் டியூஷன் காசை.

இதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் அவள் புத்தி தப்புக் கணக்குப் போட்டது.

எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் இரண்டு மூன்று நல்லது கெட்டது வந்துவிடும். பரிசம், சடங்கு, வீடு குடிபுகுதல், பதினாறாம் நாள். போனால் கவரில் ஐம்பது வெள்ளியாவது வைக்க வேண்டும். பூ, டாக்சி, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று கூடவே செலவு. மற்ற எல்லாச் செலவையும் விட இதுதான் பெரிசு என்று கண்டுபிடித்தாள் புஷ்பலதா. ஒரேயடியாக வெட்டிவிட்டாள். சிலிபினில் நடந்த சடங்குக்குப் போகவில்லை. தாப்பாவில் இருளாயியின் புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம். இருளாயியும் கூட்டில் பணம் போட்டவள்தான். அதற்கும் போகவில்லை. கோயிலில் யாரையாவது பார்த்தால் இன்னும் கவர் வைக்கவில்லையே என்ற கூச்சத்தில் வேறு பக்கம் நடந்துவிடுவாள்.

இன்னொன்றும் செய்தாள். சேர்ந்த பணத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில், தலை நிமிர்ந்து, முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று வைராக்கியம். அவளைப் பொறுத்தவரை அது மானம். பத்துப் பெண்களைப் பொறுத்தவரை, பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு சோபா செட்டையும் அலமாரியையும் விற்றாள். வாங்கியவன் லோரி கொண்டுவந்தான். நானும் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான்! மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. புஷ்பலதா சாமான் ஏற்றுகிறாளாம், நாத்தனார் போன வழியிலேயே போகப் போகிறாளாம். வாட்சப்பில் அந்த லோரியின் படம்கூட வந்தது. அதில் என் முதுகு தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பது போல அவள் கேட்டுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் நல்லம்மாள். அவளுக்கு வாய் பெரிசு. இரண்டு வாரத்தில் அவள் மகளுக்குக் கல்யாணம், கூட்டுப் பணத்தை நம்பி மண்டபத்துக்குச் சொல்லியிருந்தாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

“எங்கடி ஓடப் பாக்குற? ஜோகூருக்கா?”

“அக்கா, சத்தியமா இல்லக்கா. காசு சேக்கத்தான் சோபாவ வித்தேன். இருங்க, காட்டுறேன்.”

உள்ளே ஓடி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாயிரம் வெள்ளி இருந்தது. காட்டியிருக்கவே கூடாது. “எனக்குக் கொடு, எனக்குக் கொடு” என்று ஒரே கூச்சல். இரண்டாயிரத்தைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டால் யாருக்கும் பத்தாது என்று ஒருத்தி. தன் புருஷனுக்கு ஆபரேஷன், தனக்குத்தான் முதலில் என்று இன்னொருத்தி. என் வீட்டுக்காரியும் கூட்டத்தில் நின்று கத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் நல்லம்மாள்தான் முடித்தாள்.

“என் மவ கல்யாணத்துக்குள்ள எல்லாருக்கும் முழுக்காசு வரணும். இல்லன்னா நடக்கிறதே வேற லா.”

அவர்கள் போன பிறகு பத்துமலை என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. “அண்ணே, லைட் போஸ்ட்ல நம்பர் ஒட்டிருக்கான்ல, அவங்கிட்ட வாங்கி மொத்தமா பாயார் பண்ணி கடன அடைச்சிரலாமா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருப்பேன். ஆலோங்கிடம் வாங்குவதாம்! என் வேனில் வந்த ஒரு பிள்ளையின் வீட்டு கேட்டில் ஒரு நாள் சிவப்புப் பெயிண்ட் ஊற்றியிருந்தான் அந்த மாதிரி வட்டிக்காரன். அடுத்த மாதம் அந்த வீட்டில் ஆளே இல்லை. பத்தாயிரம் வாங்கினால் வட்டி கட்டிக் கட்டியே இந்த வீடு போய்விடும், பிள்ளைகளின் படிப்பும் போய்விடும். “அந்த நம்பருக்கு அடிச்சே, நான் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்,” என்றேன். “அப்ப வேற வழி சொல்லுண்ணே,” என்றான்.

வழி சொன்னது கருப்பம்மாள். கத்திவிட்டு வந்தவளுக்கு இரவு தூக்கம் வரவில்லை போல. காலையில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துப் புஷ்பலதாவைக் கூப்பிட்டாள்.

“ஏய் புஷ்பா, நல்லம்மா வூட்டுக் கல்யாணத்துக்கு வருவியா?”

“எப்படிக்கா வருவேன்? என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு? கவருக்குக் காசு ஏது?”

“நீ காச மட்டுமா மிச்சம் புடிச்ச, மூஞ்சியவும்ல சேத்து மிச்சம் புடிச்சிட்ட! நீ இல்லாத எடத்துலதான் உன்னப் பத்திப் பேசுறாளுங்க. இருளாயி புருசன் காரியத்துக்கு வெறுங்கையோட வந்து ஒரு ஓரமா ஒக்காந்திருந்தா யாரு உன்ன வெரட்டப் போறா? காசு இல்லாதது எங்களுக்குப் பயமில்ல. ஆள் இல்லாததுதான் பயம்.”

புஷ்பலதா கையிலிருந்த ஈரத் துணியைக் கம்பியில் விரித்துப் போட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஆலோங்குக்கு மட்டும் போன் அடிக்கக் கூடாது என்று புருஷனிடம் சொல்லிவிட்டதாக அன்றைக்குச் சாயங்காலம் கேள்விப்பட்டேன்.

கல்யாணத்தன்று கோயில் மண்டபத்துக்கு நாங்கள் போனபோது அவள் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். பழைய நீலச் சேலை, தலையில் பூ இல்லை. மேடையேறி மணமக்களுக்குத் திருநீறு பூசினாள். பத்து வெள்ளி வைத்த கவரை எல்லோரும் பார்க்கக் கொடுத்தாள். கீழே இறங்கியதும் நல்லம்மாளிடம் நேராகப் போனாள்.

“அக்கா, கவருல பத்து வெள்ளிதான் இருக்கு. இப்ப இவ்வளவுதான் முடியும். மிச்சத்துக்கு என் கை இருக்கு, எந்த வேலன்னு சொல்லுங்க.”

கல்யாண வீட்டில் வைத்துச் சண்டை போட முடியாமல் நல்லம்மாள் வாயை மூடிக்கொண்டாள். என் வாழ்நாளில் அதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த நேரம் பார்த்துப் பந்தியில் ஆள் பற்றாக்குறை. பரிமாற வேண்டிய இளவட்டங்கள் மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புஷ்பலதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினாள். முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை அவள் உட்காரவில்லை. அவள் பணம் கொடுக்க வேண்டிய பத்துப் பேரில் கல்யாண வீட்டுக்காரி நல்லம்மாள் தவிர மற்ற ஒன்பது பேரின் இலையிலும் அவளேதான் ஊற்றினாள். ஒவ்வொருத்தியையும் முகத்துக்கு நேராகப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் ஊத்தவாக்கா?” என்று கேட்டாள். இருளாயியின் இலைக்கு வந்ததும் குனிந்து, “அண்ணன் காரியத்துக்கு நான் வரலக்கா, மன்னிச்சிருங்க,” என்றாள். இருளாயி அழுதுவிட்டாள். சாப்பிடுகிற இலையில் கண்ணீர் விழக்கூடாது என்று பக்கத்திலிருந்தவள் அதட்டினாள்.

விருந்தாளிகள் போன பிறகு மண்டபத்தின் பின்னால் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். மிச்ச ரசத்தை டம்ளரில் குடித்துக்கொண்டே இருளாயிதான் பேச்சை எடுத்தாள்.

“பத்துப் பேரும் ஒண்ணா கேட்டா அவ எங்க போவா? மாசம் ஆயிரம் அவளால சேக்க முடியுதுல்ல. கூட்டு மாதிரியே சீட்டுப் போட்டு எடுப்போம். மாசம் ஒருத்திக்கு முழுசா ஆயிரம். டின்னுல இருக்கிறத இன்னைக்கே ரெண்டு பேர் எடுத்துக்கட்டும்.”

யோசனை எல்லோருக்கும் பிடித்தது. ஆயிரமாகக் கைக்கு வந்தால்தானே பணம் வந்ததாகத் தோன்றும்! பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துப் பெயர் எழுதி ஒரு சொம்பில் போட்டார்கள். என்னை எடுக்கச் சொன்னார்கள், ஆம்பிளை எடுத்தால் சண்டை வராதாம். எடுத்தேன். முதல் சீட்டு நல்லம்மாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள், வாய் பெரிசாக இருந்தால் அதிர்ஷ்டமும் பெரிசு என்று யாரோ ஒருத்தி கிண்டல் செய்தாள்.

நல்லம்மாள் சிரிக்கவில்லை. சீட்டை என் கையிலிருந்து வாங்கி மடக்கினாள்.

“எனக்குக் கடைசில போடுங்க.”

“ஏன்க்கா? மண்டபத்துக்காரனுக்குப் பாக்கி இருக்குல்ல?” என்றாள் இருளாயி.

“அவன்கிட்ட நான் தவண கேட்டுக்கிறேன். ஓடிப்போறவ எவளாச்சும் கடன் வாங்குன வூட்டுல வந்து சாம்பாரு ஊத்துவாளா? இவ கொடுப்பா. நீங்கள்லாம் முன்னாடி எடுத்துக்கங்க லா.”

வாசலில் பத்துப் பேர் நின்று கத்தியபோதும் அழாத புஷ்பலதா அப்போது அழுதாள். கழுவக் கொண்டுபோன வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றுகொண்டே அழுதாள். நான் அடுத்த சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் உடுப்பு எடுத்தாள். நல்லது கெட்டது ஒன்றையும் விடவில்லை. பத்து வெள்ளிக் கவரோடு போவாள், அடுப்படியில் நிற்பாள். இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்களே முன்கூட்டி ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுகிறார்கள். கருப்பம்மாளுக்கு ஆறாவது மாதம் ஆயிரம் வந்தது. வாங்கிய கையோடு, கேட்டுக்கு முன்னால் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டாளாம். தினேஸ்வரி ஒரு தடவை போன் பண்ணினாள். முந்நூறு வெள்ளி அனுப்பினாள். மீதிக்கு அண்ணனும் தங்கையும் போனில் போட்ட சண்டையைச் சுவர் வழியாக முழுசாகக் கேட்டேன். ஆனாலும் அவள் இப்போது மாதாமாதம் ஏதோ அனுப்புகிறாள்.

போன சனிக்கிழமை கடைசி ஆயிரத்தை எடுத்துக்கொண்டு நல்லம்மாள் வீட்டுக்கு நடந்தாள் புஷ்பலதா. துணைக்குக் கருப்பம்மாளும் போனாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூட்டில் பணத்தை யார் கொடுத்தாலும் முன்னால் வைத்து எண்ணித்தான் வாங்குவார்கள். கூடப் பிறந்தவள் கொடுத்தாலும் எண்ணுவார்கள். நல்லம்மாள் நோட்டுக்கட்டை வாங்கி அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தேத்தண்ணி கலக்கப் போனாள்.

“அக்கா, எண்ணிப் பாருங்கக்கா.”

“அட, சீனி எவ்வளவு போடணும்னு சொல்லு மொதல்ல,” என்றாளாம் நல்லம்மாள்.